புதுப்பிப்பு: 30,000 ரூபாய்க்குள் முதல் ரோடு சைக்கிள், வாங்கியாச்சு

முப்பதாயிரத்துக்குள் முதல் ரோடு சைக்கிள் எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "பிராண்டை விடுங்க, முதல்ல காலை அளந்து பாருங்க" என்ற யோசனைதான். கவட்டிலிருந்து தரை வரை 78 செ.மீ. அதை 0.67-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 52; அதுதான் எனக்குப் பொருந்தும் ஃபிரேம் சைஸ் (செ.மீ.). நான் கண்வைத்திருந்த வண்டியோ 56! அதை விட்டுவிட்டு, 22,000 ரூபாய்க்குப் பழைய அலுமினிய ஃபிரேம், 52 சைஸ் வாங்கினேன். செயினும் பிரேக் கட்டையும் மாற்ற 1,400 ஆனது. ஓட்டும்போது கழுத்து வலிப்பதில்லை.

எதிர்பாராதது வால்வு. ட்யூபில் இருப்பது பிரெஸ்டா என்ற ஒல்லியான வகை வால்வு. கோவளம் பக்கத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பிடிக்கவே இல்லை. அப்புறம்தான் விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கினேன். வால்வின் முனைத் திருகைத் தளர்த்திவிட்டு அதை மாட்டினால் சாதாரணப் பம்பிலேயே காற்றடிக்கலாம். சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.