உள்ளூர் ஓபன் ஷோவும் மினி குதிரையும்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கொலம்பஸ் அப்பா

பிள்ளைகளை ஃபோர்-எச்சில் (இங்கத்த பிள்ளைங்க கிளப்) சேர்த்துவிட்டு, அது மினி குதிரை (வளர்ந்தாலும் குட்டையாவே இருக்கிற ரகம்) வரைக்கும் போய் நின்ற பெற்றோர் இங்கே சிலர் இருக்கீங்க. ஓபன் ஷோ, அதாவது எந்தக் குதிரையையும் கொண்டு போகலாம்ங்கிற உள்ளூர்ப் போட்டி பத்தி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர் கேக்க மாட்டாங்க, ஒரு கிளாசுக்கு 8, 10 டாலர், காலையில போனா சாயங்காலம் வீடு. நேரா விஷயத்துக்கு வரேன்.

ஒஹையோ, கவுண்டி ஃபேர் மைதானம், ஜூன் வெயில். மினி ஹால்டர் கிளாஸ் (கயித்துல பிடிச்சு நடத்திக் காட்டி உடம்பமைப்பைப் பார்க்கிற போட்டி), எல்லா வயசும் ஒண்ணா. மொத்தமே நாலு குதிரை. என் பொண்ணுக்கு முன்னாடி நின்ன குழந்தைக்குப் பத்து வயசு இருந்தா அதிகம். குதிரையை அப்படிப் பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணியிருந்தாங்க. உடம்பு முழுக்க முடியை கிளிப் பண்ணி, முகத்துல ரேஸர் போட்டு, குளம்புக்குக் கறுப்பு பூசி. ஜட்ஜ் வயசான அம்மா. ஓடிக் காட்டச் சொன்னாங்க. குழந்தை ஓடுது, குதிரையும் வருது, ஆனா முன்னங்காலை வைக்கிற விதமே சரியில்ல. கொதிக்கிற தார் ரோட்டுல செருப்பு இல்லாம போற மாதிரி வைக்குது.

ஜட்ஜ் இன்னொரு தடவை ஓடச் சொன்னாங்க.

அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்கணுமே. பிடிச்சுப் போச்சு, அதான் திரும்பக் கேக்கறாங்கன்னு நினைச்சுட்டா. வாயெல்லாம் பல்லா, முன்னைவிட வேகமா, கயிற்றை இழுத்துக்கிட்டு ஓடினா. அதுக்கப்புறம் வெறும் நடைதான் கேட்டாங்க. திரும்புற இடத்துல குதிரை பின்னங்கால்ல சாஞ்சுக்கிட்டு நின்னுடுச்சு, நகரல. ஜட்ஜ் மண்டி போட்டுக் குளம்பைத் தொட்டுப் பார்த்தாங்க. எழுந்து அவ காதுகிட்ட ஏதோ சொன்னாங்க. தலையாட்டினா. குதிரையோட வெளியே போயிட்டா, அப்பவும் சிரிப்பு முகத்துல ஒட்டிக்கிட்டு இருந்தது.

மிச்சம் மூணு பேருக்கும் ரிப்பன். அதை விடுங்க. முதல் ஓட்டத்துலயே நொண்டுதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? ரெண்டாவது எதுக்கு? சந்தேகம் தீராம ஒரு பிள்ளையை எப்படி வெளியே அனுப்புறதுன்னு எங்க வீட்ல கேக்கறாங்க. எனக்கு அந்த ரெண்டாவது ஓட்டம் கண்ணுலயே நிக்குது. உங்க கதையைப் போடுங்க.

கரோலினா அம்மா

அண்ணா, படிச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு நடந்தது வேற ரகம்.

காஸ்ட்யூம் கிளாஸ். மத்தவங்க எல்லாம் யூனிகார்ன், கௌபாய், தேனீன்னு வருவாங்க. எங்க மதுரைப் பக்கம் ஐயனார் கோயில் வாசல்ல நிக்குமே மண்குதிரை, அதையே பண்ணிடலாம்னு பையன் சொன்னான். நெத்திப்பட்டம், காகித மாலை, கழுத்துல நவராத்திரிக்கு எடுக்கிற சலங்கை. பையனுக்குக் கண்மையில முறுக்கு மீசை, அட்டையில அரிவாள். குதிரை 32 இஞ்ச்தான், ஆனா நின்ன நிலையைப் பார்த்தா ஊரைக் காக்கிற குதிரைன்னு யாரும் நம்புவாங்க. வேஷத்தைப் பத்தி நாங்க எழுதிக் குடுத்த அட்டையை மைக்ல படிச்சாங்க, கைதட்டல் வந்தது. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

எங்களுக்குப் பின்னாடி பெரிய குதிரை ஒண்ணு, மேல கடல் கொள்ளைக்காரி வேஷத்துல ஒரு பொண்ணு. எங்க குதிரை தலையை ஆட்டுச்சு, சலங்கை சத்தம் போட்டுச்சு. அந்தப் பெரிய குதிரை குனிஞ்சு கீழே பார்த்துச்சு பாருங்க! பேயைக் கண்டது போல ஒரு செருமல், அப்படியே பின்னாடியே நாலடி. அந்தப் பொண்ணு பக்கவாட்டுல வழுக்கி மண்ணுல உக்காந்துட்டா. அடி கிடையாது, தட்டிவிட்டு எழுந்துட்டா. எங்க ஐயனார் குதிரை? தன் மாலையைத் தானே தின்னுக்கிட்டு இருந்தது.

ரிங்கை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பொண்ணோட அம்மா நேரா வந்து, "அதை உள்ளே விட்டிருக்கவே கூடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. குதிரையைச் சொன்னாளா, சலங்கையைச் சொன்னாளா? மீசையோட பக்கத்துல நின்ன என் பிள்ளை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல.

டெக்சாஸ் கோவைக்காரன்

வணக்கமுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிப்போடறேன், கோவிச்சுக்காதீங்க.

அம்மிணி, அந்தத் தாய் பேசுன விதம் சரியில்லைங்க, ஒத்துக்கறேன். ஆனா மினியைக் கண்டா மிரளாத பெரிய குதிரை கம்மிங்க. குதிரை வாசம் வருது, உருவம் நாய் அளவுல இருக்குது, அதுக்கு என்னன்னே புரியாது. அதுல சலங்கை வேற கட்டினா? ரிங்குக்குள்ள போறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். சத்தம் போடற எதுவும் கட்டாதீங்க.

கொலம்பஸ்காரரே, ஜட்ஜ் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. அது லேமினைடிஸ், இங்கத்த ஆளுங்க ஃபவுண்டர்ம்பாங்க. குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சு வெச்சிருக்கற சதை வீங்கி விட்டுப்போகும். முன்னங்காலை முன்னால நீட்டிப் பின்னால சாய்றது அதோட அடையாளம். திரும்பறப்ப வலி ஜாஸ்தி. மினிகளுக்கு இது வர்றதுக்கு முக்கால்வாசிக் காரணம் தீனிதானுங்க. பச்சைப் புல்லுல அவுத்து உட்டுட்டு, அளவா தின்னும்னு நினைச்சுக்கறாங்க. தின்னுட்டே இருக்கும்! வெயில் ஏற ஏறப் புல்லுல சக்கரை ஏறும், அதனால விடியக்காலத்துல மேய உடுங்க, மத்தியானம் கட்டிப்போடுங்க. பனி உறைஞ்ச ராத்திரிக்கு அடுத்த காலையில மட்டும் உடாதீங்க, அன்னைக்குக் காலையிலயும் சக்கரை தங்கியிருக்கும். வாய்க்கூடை போட்டு உடறது இன்னும் நல்லது. பிடரி தடிச்சுக் கெட்டியா இருந்தா அழகுன்னு நினைக்காதீங்க, அது கொழுப்பு. மாசாமாசம் நெஞ்சுச் சுத்தளவை டேப் வெச்சு அளந்து எடை கணக்குப் பாருங்க. அதுக்காகத் தீனியை ஒரேயடியா நிறுத்தவும் கூடாதுங்க. மினி பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு பூராவும் ரத்தத்துல கலந்து ஈரல் போயிரும், உசுருக்கே ஆபத்து. பல் டாக்டரையும் வருசம் ஒருக்கா கூப்பிடுங்க, பெரிய குதிரைக்கு இருக்கற அத்தனை பல்லும் அந்தச் சின்னத் தாடையில நெருக்கியடிச்சு நிக்குது.

அப்பறம் 32 இஞ்ச்னு சொன்னீங்களே, எங்கிருந்து அளந்தீங்க? மினிக்குப் பிடரியோட கடைசி முடி முளைக்கற இடத்துல அளக்கோணும். மத்த குதிரைக்கு அளக்கற தோள் உச்சி கிடையாது. ஏஎம்ஹெச்ஏ-காரங்க (அமெரிக்க மினி குதிரைச் சங்கம்), 1978-ல ஆரம்பிச்சது, இங்கதான் அல்வராடோவுல ஆபீசு, 34 இஞ்சுக்கு மேல சேர்த்துக்க மாட்டாங்க. ஏஎம்ஹெச்ஆர்னு இன்னொரு மினி பதிவேடு, அதுல பி பிரிவுன்னு 38 வரைக்கும் உண்டு. ஓபன் ஷோவுல இதையெல்லாம் பார்க்கறது கம்மி, இருந்தாலும் பழகிக்கோங்க.

என் கதை சின்னதுங்க. கேட்ல காகின்ஸ் பேப்பர் (குதிரைக்குத் தொத்து ரத்தசோகை இல்லைன்னு காட்டற ரத்தப் பரிசோதனைச் சீட்டு) பார்த்துட்டிருந்தாங்க. எனக்கு முன்னால ஒரு பெரியவர், ட்ரெய்லர்ல ரெண்டு மினி. அந்த ரத்தப் பரிசோதனை ஒரு வருசத்துக்குத்தான் செல்லும், அவருது அந்த வாரந்தான் முடிஞ்சிருக்குது. ரொம்ப தூரத்துல இருந்து வந்தவர். முன் சீட்ல பேரன் தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுட்டுத் தூங்கிட்டிருந்தான். அவர் ஒரு வார்த்தை பேசலைங்க. பையனை எழுப்பாமயே வண்டியைத் திருப்பிட்டார்.

கொலம்பஸ் அப்பா

கோவைக்காரரே, புல்லைப் பத்தி நான் கேக்கவே இல்லையே. அது என் குதிரையும் இல்ல. நொண்டுதுன்னு கண்டுபிடிச்சது சரிதான். ஒரு குழந்தையைச் சிரிக்க வச்சு நாலு பேர் முன்னாடி ஓடவிட்டுக் கண்டுபிடிக்கணுமா என்பதுதான் கேள்வி. ஆனா அந்தப் பேரன் கதை நல்லாயிருந்தது. அதை முதல்ல சொல்லியிருக்கலாம்.

கரோலினா அம்மா

சலங்கைக்கு ஷோ செக்ரட்டரிகிட்ட முன்னாடியே அனுமதி கேட்டுட்டுத்தான் கட்டினேன் சார். தாராளமா கட்டுங்கன்னாங்க. அதே ரிங்குல ஒரு குதிரை வால்ல பலூன் கட்டி வந்தது, அதை யாரும் ஒண்ணும் சொல்லல. பிடரியோட கடைசி முடியிலதான் அளந்தோம், நன்றி.

ஸ்காபரோ அக்கா

நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க மினி குதிரை வைச்சிருக்கிற தமிழாக்கள் அவ்வளவு இல்லை, என்ர மகள் ஒரு பண்ணையில போய்ப் பழகுறவள். அவையிட்ட ரெண்டு சின்னக் குதிரை நிக்குது.

போன கோடை விடுமுறைக்கு மிச்சிகனில இருந்து அண்ணாவின்ர மகள் வந்து நிண்டவள். அவளும் அங்க ஷோவுக்குப் போற பிள்ளை. எங்கட பக்கத்து ஃபெயரில ரெண்டு பேரையும் ஷோமன்ஷிப்பில (பிள்ளை குதிரையை எப்பிடிப் பிடிச்சுக் காட்டுது எண்டு பாக்கிற போட்டி) விட்டனாங்கள். வடிவாச் செய்தவை. நீதிபதி குதிரையைச் சுத்தி நடக்க நடக்க, இதுகளும் மாறி மாறிச் சரியான பக்கத்தில போய் நிண்டதுகள். பெரிய குதிரையெண்டா பிள்ளை பின்னால மறைஞ்சிடும், மினியோட நிண்டா ஒரு சின்னப் பிழையும் மறைக்க ஏலாது. கடைசியில மருமகளுக்குச் சிவப்பு ரிப்பன், என்ர மகளுக்கு நீலம்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். கனடாவில சிவப்புத்தான் முதலாமிடம், நீலம் இரண்டாவது. அமெரிக்காவில மறுவளம். மருமகளுக்கு அது தெரியாது. தான் தோத்துப்போனன் எண்டு நினைச்சும், முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு ஓடி வந்து என்ர மகளைக் கட்டிப்பிடிச்சு, "நீதான் வெல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்" எண்டாள். என்ர மகளுக்கு முகம் கறுத்துப் போச்சு. வெண்டவள் வந்து நக்கல் அடிக்கிறாள் எண்டு நினைச்சிட்டாள். வரேக்கை காருக்குள்ள ரெண்டும் ஒரு கதை இல்லை. நான் என்னெண்டு விளங்காமல் பாட்டைப் போட்டிட்டு ஓடினன். இரவு சாப்பாட்டு மேசையில அண்ணா ஃபோனில "என்ன பரிசு?" எண்டு கேட்டாப் பிறகுதான் விசயமே வெளியில வந்தது.

வெண்டது தெரிஞ்ச உடன மருமகள் துள்ளிக் குதிக்கேல்லை. "அப்ப அவளுக்கு நான் அப்பிடிச் சொன்னது..." எண்டு இழுத்தாள். அதைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறன். தோத்தன் எண்டு நினைச்ச நேரம் அந்தப் பிள்ளை எவ்வளவு பெருந்தன்மையா நடந்தது, அதுக்குக் கிடைச்சது மச்சாளின்ர கோபம்.

கொலம்பஸ் தம்பி, அந்த நீதிபதி அம்மா காதுக்குள்ள சொன்னவ எண்டதைக் கவனிச்சீங்களோ? மைக்கில சொல்லேல்லை. நான் அவவில பிழை சொல்ல மாட்டன்.

பென்சில்வேனியா தம்பி

எனக்கு இப்ப காலேஜ், ஸ்கூல் காலத்துல மினி டிரைவிங் பண்ணினவன். இங்க எல்லாரும் ஹால்டர், ஷோமன்ஷிப்னு பேசறீங்க, வண்டி பூட்டற கதை ஒண்ணுகூட வரல.

பிளெஷர் டிரைவிங் கிளாஸ் (மினியை வண்டியில பூட்டி ஓட்டிக் காட்டற போட்டி) முடிஞ்சு எல்லாரும் ட்ரெய்லர்கிட்ட வந்துட்டோம். பக்கத்து ட்ரெய்லர் அங்கிள், குதிரை முகத்தைத் தேய்க்குதுன்னு பாவப்பட்டு பிரைடிலை (தலையில மாட்டற கடிவாள வார்) கழட்டிட்டார். வண்டி இன்னும் பூட்டியே இருக்கு! பிரைடில்ல கண்ணுக்குப் பக்கத்துல மறைப்பு இருக்கும், குதிரைக்கு முன்னாடி மட்டும்தான் தெரியும். அது போனதும் திரும்பிப் பார்த்துச்சு, தன் முதுகுக்குப் பின்னாடி ரெண்டு சக்கரம். அவ்வளவுதான். கிளம்பிடுச்சு. ஓடினா சக்கரமும் துரத்துது, துரத்தினா இன்னும் ஓடுது. நாலு கார் வரிசை தாண்டி லெமனேட் கடை வரைக்கும். மடக்கு நாற்காலி ஒண்ணு சக்கரத்துல சிக்கினதால நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல.

எனக்கு மறக்காதது ஓட்டம் இல்ல. அந்த அங்கிள் நின்ன இடத்துலயே நின்னார், கையில பிரைடிலை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு. திரும்பி வந்து மாட்டிக்கும்னு காத்திருந்தாரோ என்னவோ.

200 பவுண்டுதானே, கையால பிடிச்சு நிறுத்திடலாம்னு மினி வச்சிருக்கிற எல்லாரும் சொல்றாங்க. வண்டியோட வந்தா ஒதுங்கி நின்னுக்குங்க. கழட்டும்போது பிரைடில் கடைசி, எப்பவும் கடைசி. கோவை அங்கிள், நீங்க சொன்ன லிஸ்ட்ல இது இல்லவே இல்ல.

டெக்சாஸ் கோவைக்காரன்

நான் வண்டி பூட்டறதில்லைங்க தம்பி. ஆனா பூட்டறதா இருந்தா முதல்ல தரையில நின்னு நீளக் கயிறு ரெண்டு கட்டி நடக்கப் பழக்கோணும், அப்பறம் வெறும் டயரை இழுக்க உடோணும், அப்பறம்...

ஸ்காபரோ அக்கா

தம்பி, அவர் ஆரம்பிச்சிட்டார்.

நியூஜெர்சி பார்வையாளர்

எங்களிடம் குதிரை கிடையாது. பக்கத்து ஊர் ஃபேருக்கு ஃபனல் கேக் சாப்பிடப் போனவர்கள் நாங்கள். குதிரை மேல் யாரும் ஏறாமலே தாண்டும் போட்டி ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மனுஷரும் கூடவே ஓட வேண்டும்.

அறுபது வயதுக்காரர் ஒருவர், ஆறடிக்கு மேல், சரியான தொப்பை. குதிரை அவர் இடுப்புக்குக் கீழே. முதல் இரண்டு தடைகளுக்கும் பக்கவாட்டில்தான் ஓடினார். மூன்றாவதில் என்ன தோன்றியதோ, தானும் தாண்டினார். குதிரை சுத்தமாகத் தாண்டிவிட்டது. அவர் பூட்ஸ் கம்பில் பட்டுக் கம்பு விழுந்தது. கூட்டம் மொத்தமும் "ஓ" என்றது. குதிரை நின்று திரும்பி அந்தக் கம்பைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் குதிரைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஆள் தட்டிவிட்டால் குதிரைக்கு மதிப்பெண் குறையுமா? என் கணவர் குறையாது என்கிறார், பந்தயம் கட்டியிருக்கிறோம். முடிவு அறிவிப்பதற்குள் காரை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.