மோட்டார்ஹோம் ஹீட்டர் பாதி ராத்திரியில் நின்றுபோகிறது – நியூசிலாந்தில் இருக்கிறோம், உடனே யோசனை தேவை

கோவை_சரவணன்

எல்லாருக்கும் வணக்கம். குடும்பத்தோட தெற்குத் தீவுல இருக்கோம். நான், மனைவி, பொண்ணு, எங்கப்பா. கிறைஸ்ட்சர்ச்சுல நாலு பேர் படுக்கிற டீசல் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தோம். குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட், மேற்குக் கடற்கரைன்னு ஒரு பெரிய சுத்து சுத்தி திரும்ப அங்கேயே விடணும். ஆரம்பத்துலயே வண்டி மக்கர் பண்ணுது.

முந்தாநாள் புகாகி ஏரிக்கரையில நிறுத்தினோம். நேத்து மவுண்ட் குக் அடிவாரத்துல வைட் ஹார்ஸ் ஹில் கேம்ப். ரெண்டு இடத்துலயும் கரன்ட் இணைப்பு கிடையாது. ரெண்டு ராத்திரியும் ஹீட்டர் நல்லா ஓடிட்டு இருந்து, ரெண்டு மணி வாக்குல நின்னுபோச்சு. திரும்ப ஆன் பண்ணா ஃபேன் சத்தம் வருது, கொஞ்ச நேரத்துல கட் ஆகி சிவப்பு லைட் மின்னுது. ஏப்ரல் கடைசிதான், ஆனா காலையில வெளியே புல்லெல்லாம் உறைஞ்சு வெள்ளையா கிடக்கு.

அப்பாவுக்குத் தூக்கத்துல மூச்சு தடைபடுற பிரச்சினை. மூக்கு வழியா காத்தை அழுத்தி அனுப்புற சிபாப் மெஷின் போட்டுத்தான் தூங்குவார். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல ஒரு சின்ன இன்வெர்ட்டர் சொருகி அதை ஓட்டுறோம். ஹீட்டர் நின்ன கொஞ்ச நேரத்துல அதுவும் பீப் பீப்னு கத்திட்டு ஆஃப் ஆயிடுச்சு. மனுஷன் மிச்ச ராத்திரி உட்கார்ந்துட்டே இருந்தார்.

சமையல் மேடைக்கு மேல இருக்கிற ப்ளக் பாயின்ட் எதுவும் வேலை செய்யல. ஆனா எஞ்சின் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுது, அதனால பேட்டரி நல்லாத்தான் இருக்கு. குளிர் தாங்காம விடியற்காலையில கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரிய விட்டோம். ஹீட்டர் பழுதுன்னு சொல்லி கம்பெனிகிட்ட வேற வண்டி கேட்கலாமா? கிறைஸ்ட்சர்ச் திரும்பிப் போனா ஒரு நாள் போயிடும்.

டனீடன்_அக்கா

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். குளிருக்கு அடுப்பைப் பத்த வைக்கிற வேலையை இன்னொரு தடவை செய்யாதீங்க. மூடின வண்டிக்குள்ள கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்ஸைடு சேரும். வாசனையும் வராது, இருமலும் வராது, தூக்கம்தான் வரும். குழந்தையும் வயசானவரும் உள்ள இருக்காங்க.

இன்னொண்ணும் கேட்கணும். கதவுக்குக் கீழே, கூரை மேலே இருக்கிற காத்துத் துவாரத்துல துண்டு, துணி எதுவும் அடைச்சிருக்கீங்களா? நம்மாளுங்க எல்லாரும் பண்றதுதான். எடுத்துடுங்க. சமைக்கும்போது ஒரு ஜன்னல் திறந்தே இருக்கணும்.

பழைய_வயர்மேன்

ஆக்லாந்துல கேரவன், மோட்டார்ஹோம் வயரிங்தான் நம்ம பொழப்பு. கம்பெனிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க:

கதவுக்கு மேலயோ கிச்சன் பக்கமோ ஒரு சின்ன பேனல் இருக்கும். எஞ்சினை ஆஃப் பண்ணி அரை மணி நேரம் கழிச்சு அதுல வோல்ட் எவ்வளவு காட்டுது?
டீசல் முள் எங்க நிக்குது?
நேத்து மொத்தம் எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?
சிபாப்ல தண்ணி ஊத்தி சூடாக்குற ஹியூமிடிஃபையர் ஆன்ல இருக்கா?

கோவை_சரவணன்

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே கதவுக்குக் கீழே பழைய பெட்ஷீட் சொருகியிருந்தோம். எடுத்தாச்சு. அடுப்பும் இனி சமையலுக்கு மட்டும்தான்.

வயர்மேன் சார், பேனல்ல 11.6 காட்டுது. டீசல் பாதிக்கு மேல இருக்கு. புகாகியில இருந்து இங்க ஒரு மணி நேரம்கூட ஓட்டல. ஹியூமிடிஃபையர் ஆன்தான், ட்யூபும் சூடாகுற டைப்.

பழைய_வயர்மேன்

அப்போ உங்க ஹீட்டருக்கு ஒண்ணும் ஆகல. கரன்ட் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

இந்த வண்டிகள்ல பேட்டரி ரெண்டு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒண்ணு, வண்டிக்குள்ள இருக்கிற வீட்டுப் பகுதிக்கு (லைட், ஃபிரிட்ஜ், ஹீட்டர்) ஒண்ணு. வீட்டு பேட்டரி சுத்தமா காலியானாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகணும்ங்கிறதுக்காகத்தான் அப்படிப் பிரிச்சு வெச்சிருக்காங்க. அதனால ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுறதை வெச்சு வீட்டு பேட்டரியைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது.

வாடகை வண்டியில பெரும்பாலும் 100 ஆம்பியர்-மணி பக்கம் ஒரு லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். அதுல நிம்மதியா எடுக்கக்கூடியது பாதி. லோடு எதுவும் இல்லாதப்போ 12.7 காட்டினா ஃபுல், 12.2 காட்டினா பாதி. உங்க 11.6ங்கிறது தரையைத் தொட்டாச்சு.

கணக்கு பாருங்க. ஹியூமிடிஃபையரும் சூடு ட்யூபும் சேர்ந்தா சிபாப் 70 வாட்ஸ் பக்கம் இழுக்கும். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு கொஞ்சம் தின்னும். 12 வோல்ட் பக்கம் பார்த்தா ஆறரை, ஏழு ஆம்பியர். பத்து மணிக்கு அப்பா படுத்தா ரெண்டு மணிக்குள்ள 27 ஆம்பியர்-மணி காலி. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுறதை சராசரியா மணிக்கு ரெண்டுன்னு வெச்சா சாயந்திரத்துல இருந்து ஒரு 20. ஹீட்டர் ஃபேனும் பம்ப்பும் ஒரு 10. லைட், தண்ணி மோட்டார், நாலு போன் சேர்த்து 8. 65 ஆச்சா? இருக்கிறதே 50. அதுவும் ரெண்டாவது நாள் ஃபுல் சார்ஜ்ல ஆரம்பிக்கவே இல்ல.

ஹீட்டர் ஏன் முதல்ல சாகுது? டீசலைப் பத்த வைக்க உள்ளே ஒரு க்ளோ ப்ளக் இருக்கு. ஒவ்வொரு தடவை பத்தும்போதும் அது பத்து ஆம்பியர் பக்கம் இழுக்கும். பேட்டரி பலவீனமா இருந்தா அந்த நொடியில வோல்ட் சரிஞ்சுடும், ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கும். அதுதான் சிவப்பு லைட். இன்வெர்ட்டர் அதைவிடக் கொஞ்சம் கீழே போற வரைக்கும் தாங்கும், அப்புறம் கத்தும். நீங்க சொன்ன வரிசையும் அதேதான்.

ப்ளக் பாயின்ட்டும் பழுதில்ல. அந்த 230 வோல்ட் பாயின்ட் எல்லாம் வெளியே இருந்து கேபிள் சொருகினாத்தான் உயிர் பெறும்.

யாழ்_மெல்பன்

வயர்மேன் அண்ணை சொன்னது சரி. நாங்களும் போன வருஷம் அந்தப் பக்கம் போனனாங்கள். ஒரு விசயம் சேர்த்துச் சொல்லுறன்: டீசல் ராங்கில கால்வாசிக்குக் கீழ போனாலும் உந்த ஹீற்றர் நிண்டிடும். எண்ணெயை முழுக்க உறிஞ்சி உங்களை நடுக்காட்டில விடக்கூடாதெண்டு குழாயை உயரத்தில வைச்சிருக்கிறாங்கள். மில்ஃபோர்ட் போக முதல் டி அனாவில முழுசா அடிச்சுக்கொண்டு போங்கோ. 118 கிலோமீற்றர், நடுவில பெற்றோல் ஸ்ரேசன் இல்லை, போன் சிக்னலையும் நம்பேலாது.

இண்டைக்கு மவுண்ட் குக்கில நிக்க வேண்டாம். ட்வைசலுக்கு இறங்குங்கோ, ஒரு மணித்தியாலம் வராது. கரண்ட் உள்ள சைற் எடுத்து ஐயாவை நிம்மதியா நித்திரை கொள்ள விடுங்கோ. நியூசிலாந்துப் பள்ளிக்கூட விடுமுறையும் இந்தப் பக்கம்தான் வரும், முதலே போன் எடுத்துக் கேளுங்கோ.

நியாயம்_நடராஜன்

எல்லாரும் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறீங்களே. காசு வாங்கிட்டு செத்த பேட்டரியைக் கொடுத்திருக்கலாம் இல்லையா? நான்லாம் உடனே வேற வண்டி கேட்டிருப்பேன்.

பழைய_வயர்மேன்

கொடுத்திருக்கலாம், இல்லேன்னு சொல்லல. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. ஒரு ராத்திரி முழுக்க கேபிள்ல போட்டு சார்ஜ் ஏத்துங்க. காலையில கேபிளைக் கழட்டி ஒரு மணி நேரம் கழிச்சு பேனலை போட்டோ எடுங்க. அதுக்கப்புறம் கரன்ட் இல்லாத இடத்துல ஒரு ராத்திரி, சிபாப் சுமை குறைச்சு, ஹீட்டர் மட்டும் ஓட்டிப் பாருங்க. அப்பவும் நடு ராத்திரியில 11.6க்கு வந்தா பேட்டரி கிழம். ரெண்டு போட்டோவையும் அனுப்பினா பேட்டரியை மாத்திக் கொடுக்கச் சொல்லி நீங்க தைரியமா பேசலாம். இப்பவே கூப்பிட்டா அவங்க கேட்கிற முதல் கேள்வி, "இன்வெர்ட்டர்ல என்ன ஓட்டினீங்க?"

அந்த சைட்டுல செய்யவேண்டியது: கேபிளை முழுசா பிரிச்சுப் போடுங்க. சுருட்டி வெச்சா சூடேறும். முதல்ல வண்டிப் பக்கம் சொருகி, அப்புறம் கம்பத்துல சொருகி, கடைசியா ஸ்விட்ச். பாயின்ட் வரலேன்னா வண்டிக்குள்ள ட்ரிப் ஸ்விட்ச் ஒண்ணு இருக்கும். பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலயோ துணி அலமாரி மூலையிலயோ. அதைத் தூக்கி விடுங்க. ஃபேன் ஹீட்டர், கெட்டில், ரைஸ் குக்கர் மூணையும் ஒரே நேரத்துல போட்டா கம்பத்துல இருக்கிற ஸ்விட்ச்சே விழுந்துடும்.

சிபாப் எந்த மாடல்?

கோவை_சரவணன்

ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10.

பழைய_வயர்மேன்

அது 24 வோல்ட்டுல ஓடுற மெஷின். 12 வோல்ட் சாக்கெட்டுல நேரடியா வயரை இழுத்துக் கொடுத்துடாதீங்க. அதுக்குன்னே 12ல இருந்து 24 ஆக்குற டிசி கன்வெர்ட்டர் விக்குது. ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, அடுத்து தங்கப்போற ஹாலிடே பார்க் (வண்டியை நிறுத்தித் தங்குற இடம்) ரிசப்ஷன்ல கேட்டுட்டு, அந்த முகவரிக்கே வரவழைச்சிடலாம். நடுவுல இன்வெர்ட்டரே தேவைப்படாது. ஹியூமிடிஃபையரையும் ட்யூப் சூட்டையும் நிறுத்தினா ரெண்டு ஆம்பியருக்குள்ள அடங்கும். எட்டு மணி நேரத்துக்கு 16. அது தாங்கும். தொண்டை வறளும், அதனால ஊர்ல அவர் டாக்டர்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க.

பட்ஜெட்_பாலாஜி

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். நாங்களும் டிசம்பர்ல இதே ரூட். டீசல் வண்டிக்கு ஏதோ தனி ரோடு வரி, அப்புறம் கிரெடிட் கார்டுல டெபாசிட்னு போட்டிருக்கு. பெட்ரோல் வண்டி எடுத்தா லாபமா?

டனீடன்_அக்கா

இங்க டீசல் விலையில ரோடு வரி சேராது. அதனால பங்க்ல டீசல் மலிவாத் தெரியும். வரியைக் கிலோமீட்டர் கணக்குல தனியா கட்டணும். 3.5 டன்னுக்குள்ள இருந்தா ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். வாடகை கம்பெனிகள் அதுக்கு மேல கொஞ்சம் கூட்டி, வண்டியைத் திருப்பும்போது ஓடோமீட்டர் பார்த்து வாங்குவாங்க. பெட்ரோல்ல வரி விலையிலேயே இருக்கு. ரெண்டு பெர்த் சின்ன வேன்னா பெட்ரோல் சரி. ஆறு பேர் வண்டின்னா பெரும்பாலும் டீசல்தான் கிடைக்கும், யோசிக்க ஒண்ணுமில்ல.

டெபாசிட்தான் நம்மாளுங்க மாட்டிக்கிற இடம். இன்சூரன்ஸ் கூடுதலா எடுக்கலேன்னா 5,000 டாலருக்கு மேலகூட கார்டுல பிடிப்பாங்க. ஃபோரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு பல இடத்துல எடுத்துக்க மாட்டாங்க. ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு, அதுல அவ்வளவு லிமிட் இருக்கணும். "பணத்தை நிறுத்தி வைப்பீங்களா, இல்ல எடுத்துட்டுத் திருப்பித் தருவீங்களா"ன்னு முன்னாடியே கேட்டுடுங்க. எடுத்துத் திருப்பினா போக வர ரெண்டு தடவை ரூபாய் மாத்துறதுல நஷ்டம் உங்களுக்கு.

முழு இன்சூரன்ஸ் எடுத்தாலும் கூரை இடிச்சது, வண்டி கவிழ்ந்தது, காத்துல கதவு பிய்ச்சுக்கிட்டது மாதிரி சிலது சேராம இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் ரோட்டுல வாடகை வண்டிக்கு இன்சூரன்ஸே செல்லாது. ஊறுகாய், பொடி, அரிசி எது கொண்டு வந்தாலும் ஏர்போர்ட் டிக்ளரேஷன்ல எழுதிடுங்க. எழுதாம மாட்டினா அங்கேயே 400 டாலர் அபராதம். கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க.

கோவை_சரவணன்

ட்வைசல் வந்தாச்சு, கரன்ட் சைட் கிடைச்சது. கேபிள் சொருகியும் பாயின்ட் வரல. வயர்மேன் சார் சொன்ன மாதிரி சீட்டுக்கு அடியில தேடினா ட்ரிப் ஸ்விட்ச் கீழே விழுந்து கிடந்தது. தூக்கி விட்டதும் ஃபிரிட்ஜ் மேல இருந்த சார்ஜர் லைட் ஆரஞ்சுல எரிய ஆரம்பிச்சது. ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினது. அப்பா ஏழு மணி வரைக்கும் தூங்கினார். காலையில கேபிளைக் கழட்டி ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 12.7, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

இன்னிக்கு ஆன்சாக் டே (போர்வீரர் நினைவு நாள் விடுமுறை)ன்னு சூப்பர் மார்க்கெட் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறந்தான். பால் இல்லாம காபி போச்சு. கன்வெர்ட்டர் ஆர்டர் போட்டாச்சு, வானாக்கா பார்க்குல வாங்கிக்கிறோம். அது வந்ததும் மில்ஃபோர்ட் போற வழியில கேஸ்கேட் கிரீக்னு கரன்ட் இல்லாத கேம்ப்ல ஒரு ராத்திரி டெஸ்ட் பண்ணிடுறேன்.

இப்போ புதுசா ஒண்ணு. டாய்லெட்ல சிவப்பு லைட் வந்துடுச்சு. வெளிப்பக்கக் கதவைத் திறந்து கேசட்டை (கழிவு சேருற பெட்டி) இழுத்தா வரமாட்டேங்குது. பலமா இழுக்கவும் பயமா இருக்கு.

யாழ்_மெல்பன்

பலமா இழுத்திடாதேங்கோ! உள்ளுக்கை போய், கிண்ணத்துக்கு அடியில இருக்கிற தகட்டை முழுசா மூடுங்கோ. பக்கத்தில ஒரு கைபிடி இருக்கும். அது ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் கேசட் பூட்டிக்கொள்ளும். மூடினாப் பிறகு வெளியில வந்து, கேசட்டுக்குக் கீழ உள்ள கொளுவியை மேல தூக்கிக்கொண்டு நேரா இழுங்கோ, வந்திடும். டம்ப் ஸ்ரேசனில (கழிவு கொட்டுற இடம்) கொட்டேக்க மூடிக்குப் பக்கத்தில இருக்கிற காத்துப் பொத்தானை அமத்திப் பிடியுங்கோ, இல்லாட்டிக் குளுக் குளுக்கெண்டு தெறிக்கும். கழுவி, நீல மருந்து விட்டு, ரெண்டு லீற்றர் தண்ணியும் ஊத்தித் திரும்பத் தள்ளுங்கோ.

மில்ஃபோர்ட் வழியில உள்ள ஹோமர் சுரங்கத்துக்குக் கிட்ட நிப்பாட்டினா கியா கிளி வந்து வைப்பர் ரப்பரைப் பிய்க்கும். பிள்ளை எவ்வளவு கேட்டாலும் தீனி போட விடாதேங்கோ.