வெள்ளை அந்திமந்தாரை விதை யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். மகள் ஐந்தாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். மெண்டலின் பட்டாணியில் நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அது சரி, புரிந்துவிட்டது. சிவப்பு, வெள்ளை அந்திமந்தாரையைக் கலந்தால் மட்டும் ஏன் இளஞ்சிவப்பு என்று கேட்டாள். ஒற்றைச் சிவப்பு மரபணு தரும் நிறமி போதாது, அதுதான் முழுமையற்ற ஓங்குத்தன்மை என்றேன். “அப்புறம் ஏபி இரத்தத்தில் ஏ, பி இரண்டுமே முழுசாகத் தெரிகிறதே?” என்றாள். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்தது! அது இணை ஓங்குத்தன்மை.

பூவைக் கலந்து கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறாள். எங்கள் பட்டர்வொர்த் வீட்டு வேலியோரம் சிவப்பு மட்டுமே, மிளகு போல் விதை உதிர்ந்து கிடக்கிறது. வெள்ளைப்பூ விதை பத்து கிடைக்குமா? நீங்கள் பினாங்குத் தீவில் இருந்தாலும் ஃபெரி ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். பூவில் அதன் சொந்த மகரந்தமே சேர்ந்துவிடாதபடி, மொட்டு விரியும் முன் மகரந்தப்பையை நீக்கிப் பழகியவர்களும் சொல்லிக்கொடுங்கள்.