கிளை நூலகத்தில் சினிமா வரலாற்றுக்கு ஓர் அலமாரி: எதை வாங்குவது, எப்படி அடுக்குவது?

வாசகர்வட்டம்:
எங்கள் கிளை நூலகத்துக்கு வட்டத்தின் சார்பில் 20,000 ரூபாய்க்குச் சினிமா வரலாற்று நூல்கள் வாங்கித் தரப் போகிறோம். ஏற்கெனவே நாற்பது சொச்சம் இருக்கின்றன. நடிகர் வாழ்க்கை, திரைக்கதை, விமர்சனம், கேமரா பாடநூல் எல்லாமே 791.43 என்ற ஒரே எண்ணில் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி பகுப்பு எண்) கலந்து கிடக்கின்றன. நல்ல வரலாற்று நூலை வாங்குமுன் எப்படி அடையாளம் காண்பது? பகுப்பு எண்ணை எப்படி விரிப்பது? அன்பளிப்பாக வந்த 30 பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் என்ன செய்வதென்று சொல்லுங்கள்.

பழையகொட்டகை:
அட்டையையும் தலைப்பையும் நம்ப வேண்டாம். முதலில் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். பெயரடைவும் சான்றுக் குறிப்பும் இல்லாத நூலை வரலாறாக வாங்காதீர்கள். வாசிக்க இனிமையாக இருக்கலாம், ஆனால் ஆய்வு மாணவர் ஒருவர் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

அடுத்து இரண்டு இடங்களைப் படித்துப் பாருங்கள். ஒன்று, நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசகவதம்'. படச்சுருள் மிஞ்சவில்லை. வெளியான ஆண்டு 1916, 1917, 1918 என்று நூலுக்கு நூல் மாறும். நல்ல ஆசிரியர் தாம் சொல்லும் ஆண்டு எங்கிருந்து வந்தது என்று எழுதியிருப்பார். மற்றது 31 அக்டோபர் 1931-இல் வெளியான 'காளிதாஸ்'. பம்பாயில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, தெலுங்கு வசனமும் கலந்து வந்தது. அதைச் சொல்லாமல் 'முதல் தமிழ்ப் பேசும்படம்' என்ற ஒரே வரியில் கடந்துவிடும் நூல், வேறொரு நூலைப் பார்த்து எழுதியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமா வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரனின் நூல்கள்தான் அடித்தளம். அரசியலும் நாடகமும் சினிமாவும் பின்னிக் கிடந்த காலத்துக்கு 1981-இல் வந்த அவருடைய ஆங்கில நூல் 'தி மெசேஜ் பேரர்ஸ்'. தமிழில் அவருடைய கட்டுரைத் தொகுப்பு 'எம் தமிழர் செய்த படம்'. அவருடைய 'பாம்பின் கண்', 1996-இல் ஆங்கிலத்தில் வந்து தேசிய விருது பெற்ற நூலின் மொழிபெயர்ப்பு. அந்த ஆங்கில மூலத்தையும் 'பாம்பின் கண்'ணையும் வெவ்வேறு நூல்கள் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பட விவரம், வெளியீட்டு நாள் பார்க்க ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் தொகுப்பு வேண்டும். அதைக் கடன் கொடுக்காமல் பார்வை நூலாக வையுங்கள்.

விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒன்று: இந்திய சினிமாவின் நிலையை ஆராய 1927-இல் அரசு அமைத்த சினிமாட்டோகிராஃப் குழுவின் அறிக்கை. குழுவின் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். 1928-இல் வந்த அறிக்கையும் சாட்சியங்களும் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. அறிக்கையை ஏ4-இல் அச்சிட்டுத் தைத்து பைண்ட் செய்து வையுங்கள். கொட்டகை முதலாளிகளும் தணிக்கைக்காரர்களும் அன்று என்ன சொன்னார்கள் என்பதை வேறு எந்த நூலும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

பகுப்பாளர்:
எண்களுக்கு வருகிறேன். பொது வரலாறு 791.4309. இந்தியா என்றால் 791.430954, தமிழ்நாடு என்றால் 791.43095482. ஒரே படத்தைப் பற்றிய நூலும் அதன் திரைக்கதையும் 791.4372. திரைக்கதை எழுதக் கற்றுத்தரும் நூல் 808.23-க்குப் போகும். ஒளிப்பதிவுப் பாடநூல் டூயி 23-ஆம் பதிப்பில் 777, பழைய பதிப்பு வைத்திருந்தால் 778.5. திரையிசை 781.542. உங்கள் நாற்பதில் பாதி இங்கேயே பிரிந்துவிடும்.

எண் நீளம் என்று பாதியில் வெட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. 791.43 / 09 / 54 / 82 என்று கண்ணிகளாகத்தான் குறைக்கலாம். 791.430 என்று நிறுத்தினால் அதற்குப் பொருளே இல்லை. முதுகு லேபிளில் 791 ஒரு வரி, .4309 ஒரு வரி, 5482 ஒரு வரி என மடக்கி எழுதுங்கள். மெல்லிய நூலிலும் பிடிக்கும்.

நடிகர் வாழ்க்கை 791.43028092, இயக்குநர் 791.430233092.

நூலகன்மதுரை:
வாழ்க்கை வரலாற்றில் மட்டும் மாறுபடுகிறேன். நூறு நூல் தாண்டாத அலமாரியில் நடிகர், இயக்குநர் என்று இரண்டாக உடைத்தால் இரண்டுமாக இருந்தவரை எங்கே வைப்பீர்கள்? எம்.ஜி.ஆர். நடிகரும்தான், இயக்குநரும்தான். எல்லோரையும் 791.43092-இல் வையுங்கள். அதைவிட முக்கியம், எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயருக்குப் பதில், யாரைப் பற்றிய நூலோ அவர் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போடுங்கள். ஒருவரைப் பற்றிய ஆறு நூல்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பகுப்பாளர்:
சிறிய நூலகத்துக்கு அது சரி, ஒப்புக்கொள்கிறேன். வரவுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த முடிவை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், மாறுதலாகி வரும் அடுத்த நூலகர் குழப்பிவிடுவார்.

நூல்தையல்:
பாட்டுப் புத்தகங்களில் முதலில் ஸ்டேப்ளர் கம்பியைப் பாருங்கள். துருப் பிடித்திருந்தால் பின்பக்கம் மடிந்த கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள். இழுத்தால் தாள் கிழியும். செலோடேப் கூடவே கூடாது. சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்க முடியாது. லேமினேஷனும் அப்படித்தான். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமைப் பசையும் போதும். பூச்சிக்காகப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், வேண்டாமென்று சொல்லுங்கள். செம்பு தாளை அரிக்கும். ரப்பர் முத்திரையும் வேண்டாம், வரவு எண்ணைப் பென்சிலால் பின்னட்டையின் உள்பக்கம் எழுதுங்கள்.

புதிதாக வாங்கும் படங்கள் நிறைந்த நூல்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்ட் பேப்பர் (வழவழப்பான தாள்) நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மின்விசிறியில் காயவைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, நேரம் கிடைக்கும்போது எடுங்கள். கூரை ஒழுகும் பக்கத்துத் தட்டில் இவற்றை வைக்கவே வேண்டாம்.

வாசகர்வட்டம்:
மிக்க நன்றி. பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றலாமா?

பழையகொட்டகை:
ஸ்கேன் செய்யலாம், ஏற்றுவதில் கவனம் வேண்டும். உங்களிடம் அச்சுப் பிரதி இருப்பதால், பாதுகாப்புக்காக மின்பிரதி எடுத்து வைக்கப் பொது நூலகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாடல் வரிகளுக்கு உரிமை, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் பாடல்கள் உள்ள 1930-களின் புத்தகமானாலும் 2033 முடியும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை நூலகக் கணினியில் மட்டும் பார்க்கக் கொடுங்கள். 300 டிபிஐ-க்குக் குறையாமல், அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். கொட்டகைப் பெயரும் வெளியீட்டாளர் முகவரியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.