அறுபது கடந்தவர் பெப்டைடு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி – மன்னார்குடிப் பக்கத்து விவசாயி:
எனக்கு வயது 64. வயலுக்குப் போய் வரப்பில் நடந்து திரும்பினாலே வலது முழங்கால் வீங்கிவிடுகிறது. உரமூட்டையைத் தூக்கும் வலுவும் குறைந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த தங்கை மகன், தசைநாரும் மூட்டும் தேறும் என்று சொல்லி, இணையத்தில் வாங்கிய பிபிசி-157 என்னும் பெப்டைடு குப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில் – தஞ்சாவூர் மருந்தாளுநர்:
ஐயா, அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிக்குத்தான் பெப்டைடு என்று பெயர். 1922 முதல் மனிதருக்குப் போடப்பட்டுவரும் இன்சுலினும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட அவ்வகைப் பொருளே என்பதால், பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பிபிசி-157 பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை எலி முதலிய விலங்குகளில் நடந்தவை; உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2022இல் அதை விளையாட்டு வீரர்களுக்கான தடைப்பட்டியலில் சேர்த்தது. குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' (அதாவது மனிதருக்குப் போட அன்று) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விதைநெல் மூட்டையிலேயே, சான்றுபெற்ற விதை என்று காட்டும் நீல அட்டையைத் தேடுகிறவர்கள் நாம். உடம்புக்குள் செலுத்துவதற்கு அந்த அளவு சான்றுகூட வேண்டாமா?

பதில் – கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியை:
முதுகெலும்பு முறிந்தபின், எலும்பு அடர்த்தியைச் சோதித்த மருத்துவர் எனக்கு டெரிபாரடைடு எழுதிக்கொடுத்தார். 34 அமினோ அமிலங்கள் கொண்ட அதுவும் பெப்டைடுதான். நாளுக்கு 20 மைக்ரோகிராம், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் (மின்வெட்டு நாட்களில் பட்ட பாடு தனிக்கதை). ஆனால் அது எலும்புப்புரைக்கான மருந்து, தங்கள் முழங்காலுக்கானதன்று. எனக்குக் கால்களில் வலு திரும்பியது, நாற்காலியில் கைகளை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியாலும் உணவாலும்தான். வயதானவர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்கிறார்கள். சம்பா அறுத்த தரிசில் உளுந்தும் பயறும் விளையும் ஊரில் நம் இலையில் சோறு மட்டுமே குவிகிறது. தங்களுக்குச் சர்க்கரை இருப்பதால், சிறுநீரகச் சோதனை செய்துகொண்டு புரத அளவைக் கூட்டுங்கள்.

கேட்டவர்:
'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற வாசகம் குப்பியில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் 'இபமோரெலின்' என்று எழுதியிருக்கிறதே?

மருந்தாளுநர்:
அது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுவது. அந்த ஹார்மோன் கூடினால் இன்சுலின் செயல்திறன் குறைந்து சர்க்கரை ஏறக்கூடும். ஆகவே முதலில் தூக்கிப்போட வேண்டியது அந்தக் குப்பியைத்தான். முழங்கால் வீக்கத்துக்கு, ஊசியை எண்ணுவதற்கு முன் எலும்பு மூட்டு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள்.