ஒரு தோட்டா குறைந்த நாள்: துப்பாக்கியோடு உங்கள் அனுபவம் என்ன?

சிப்புட்காரன்:

உறவுகளே, வணக்கம். துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமையா, அரசாங்கம் கட்டுக்குள் வைக்க வேண்டிய பொருளா என்று போன வாரம் எங்கள் வீட்டிலேயே பெரிய வாக்குவாதம். துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தவர்கள், கையில் பிடித்தவர்கள், அதற்கு முன்னால் நின்றவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவுக்கு ஜாகா வேலை, அதாவது காவல்காரர். ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம், 1984. கன்று நட்ட மறுவாரமே காட்டுப்பன்றி இறங்கிவிடும். குருத்தைத் தின்றுவிட்டால் கன்று போச்சு. அதற்காகவே லைசென்ஸ் எடுத்த ஒற்றைக் குழல் செனாப்பாங் (துப்பாக்கி) ஒன்று தோட்டத்தில் இருந்தது. பகலில் அது ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும். சாயங்காலம் அப்பா போய்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியையும் ஐந்து தோட்டாவையும் வாங்கிக்கொள்வார். விடிகாலை ஆள் எண்ணும் பிரட்டுக்கு முன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுட்டிருந்தால் வெறும் கூட்டைக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் கணக்கில் ஒன்று குறைந்தது. ராத்திரி பன்றியைச் சுட்டு, குழலை மடக்கித் திறந்தபோது கூடு இருட்டில் எங்கோ விழுந்துவிட்டது. ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி நல்ல மனிதர், அப்பாவோடு ஒன்றாகக் கோயில் கமிட்டியில் இருந்தவர். ஆனாலும், “கூடு வராம புத்தகத்த மூட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அம்மா, பக்கத்து லயத்துப் பெண்கள், பள்ளிக்கூடம் போகாமல் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லாரும் லாலான் புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். மத்தியானம் என் கண்ணில்தான் பட்டது. சிவப்புக் கூடு, அடியில் பித்தளை வட்டம், அதன் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு பள்ளம். முகர்ந்து பார்த்தேன். தீபாவளிக்கு மறுநாள் வாசலில் அடிக்குமே, அந்த நாற்றம். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கவில்லை. ஆபீஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், “நீயே குடு” என்றார்.

இப்போது அக்கா மகன் டெக்சாஸில், சான் அண்டோனியோவில் இருக்கிறான். போன வருடம் ஒரு மாதம் அவனோடு தங்கியிருந்தேன். ஒரு காலையில் தேயிலை தேடி சமையலறை அலமாரியைத் திறந்தால், அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி. மேலே ஐம்பது என்று போட்டிருந்தது. என்னை அறியாமல் எண்ணினேன். முப்பத்தெட்டு. “மிச்சம் எங்கடா?” என்று கேட்டேன். “பயிற்சிக்குப் போனப்ப செலவாகியிருக்கும் மாமா, ஞாபகம் இல்ல” என்றான். வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை. என்னைத் தாத்தா தாத்தா என்று சுற்றிச் சுற்றி வருகிறவள்.

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்ன காரணத்தையும் சொல்ல வேண்டும். 2022 மே 24 அன்று யுவால்டி பள்ளிக்கூடத்தில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்களே, அந்த ஊர் அவன் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். போலீஸ் உள்ளே போய்ச் சுட்டவனை மடக்க 77 நிமிடம் ஆனது. “அத்தனை போலீஸ் வெளிய நின்னாங்க மாமா. நாளைக்கு என் வீட்டுக்கு எவனாச்சும் வந்தா நான் யாரை நம்பறது?” என்றான். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை, அவர்கள் அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்த்த திருத்தம். தற்காப்புக்கு வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதுக்காரர் பெர்மிட் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

அவன் கேள்விக்கு அன்று ராத்திரி என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு தோட்டா எங்கே என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மண்டோர் பேத்தி:

அண்ணே, படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பாட்டியும் சிப்புட் பக்கம்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்களைச் சுட்டுக் கொன்றபோது பாட்டிக்குப் பதினாறு வயது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அவசர காலம் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பால்வெட்டுக்குப் போகும்போது கேட்டில் சோதனை. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று சோற்றுத் தூக்கை வெளியே விட மாட்டார்கள். ஒரு நாள் பாட்டி பசி தாங்காமல் இரண்டு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறார். காவலாள் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, கிழங்கைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுச் சேற்றில் போட்டான். தோளில் துப்பாக்கி. எழுபது வருடம் கழித்தும் பாட்டி அந்தக் குச்சியைத்தான் சொல்வார், துப்பாக்கியைச் சொல்ல மாட்டார்.

அதனால்தான் “கட்டுப்பாடு” என்றதும் எனக்கு உடனே தலையாட்ட வரவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி நம்ம ஆள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடித்து, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். இந்திய அரசாங்கம் கேட்டும் விடவில்லை. அதே காலத்தில் துரைமார் இடுப்பில் பிஸ்டலோடு பிரட்டுக்கு வந்து நின்றார்கள். ஒரே பொருள், ஒருவருக்குப் பாதுகாப்பு, இன்னொருவருக்குத் தூக்கு. சுதந்திரம் கிடைத்த பிறகும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், துப்பாக்கி கையில் இருந்தாலே மரண தண்டனை என்ற நிலை இருந்தது. 1977இல் ஒரு பையனுக்கு அப்படித் தீர்ப்பானது. பிடிபட்டபோது அவனுக்கு வயது 14. ஊரே கொந்தளித்த பிறகுதான் தண்டனையைக் குறைத்தார்கள். சட்டம் கடுமையாக இருந்தால் போதுமா அண்ணே? யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டாமா?

பத்து ஏக்கர்:

நான் எதிர்க்கட்சி. எனக்குத் துப்பாக்கி வேண்டும்.

டவுனிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே பத்து ஏக்கர் செம்பனை. நானும் வீட்டுக்காரியும் மட்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாராங் கத்தியோடு நாலு பேர் ராத்திரி கதவை உடைத்தார்கள். என் மனைவி கழுத்தில் கத்தியை வைத்துத் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். போன் பண்ணி போலீஸ் வர ஐம்பது நிமிடம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ரிப்போர்ட் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மறுவாரம் ஷாட்கன் லைசென்ஸ் கேட்டுப் போனேன். ஆறு மாதம் அலைந்தேன், கிடைக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

டவுனில் தெருவிளக்கு வெளிச்சத்தில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்வது சுலபம். அந்த டெக்சாஸ் தம்பி சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது. என் வீட்டு வாசல்வரை சட்டம் வராதென்றால் என்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஏன் தடுக்க வேண்டும்?

கடைசித் தம்பி:

2013. தலைநகரில் வங்கி நிறுவனர் ஹுசேன் நஜாடி பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்த வருடம்தான். எங்கள் அண்ணன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்தவன் வேறு ஆள் என்று நினைத்துச் சுட்டான். இரண்டு குண்டு. நான் எதிர் நாற்காலி. பருப்புக் குழம்பு என் சட்டையெல்லாம் தெறித்தது. அது குழம்புதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கள்ளத் துப்பாக்கி. லைசென்ஸ் சட்டம் அதைத் தடுக்கவில்லை, உண்மை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஈமச் சடங்கு முடிந்த ராத்திரி, யார் செய்திருப்பான் என்று ஊரில் ஒரு பெயர் அடிபட்டது. என் கையில் ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். பிறகு போலீஸ் பிடித்தது வேறொருவனை. ஊர் சொன்ன அந்த ஆள் இப்போதும் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். என் பெண் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டுப் போனார்.

சிப்புட்காரன்:

கடைசித் தம்பி, எழுதியதற்கு நன்றி. இதைவிட எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. என் அப்பாவின் தோட்டாவை எண்ணினார்கள், துரையின் தோட்டாவை யாரும் எண்ணியதாக எனக்கு நினைவில்லை. நான் கேட்பது தூக்குக்கயிறு இல்லை. நம்ம நாட்டு 1971 துப்பாக்கிச் சட்டத்தில் கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருடம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கொள்ளை போன்ற குற்றத்தில் சுட்டால் கட்டாய மரண தண்டனை என்றிருந்ததை 2023இல் மாற்றி, முடிவை நீதிபதியிடம் விட்டுவிட்டார்கள். அந்த மாற்றம் எனக்குச் சம்மதம். எண்ணுவதை மட்டும் விடக் கூடாது, எல்லாருடையதையும் எண்ண வேண்டும்.

பத்து ஏக்கர் அண்ணே, உங்களுக்கு நடந்ததைப் படித்து மனம் கலங்கிவிட்டது. ஆறு மாதம் அலையவிட்டுக் காரணம் சொல்லாதது அநியாயம். ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்த பிறகு ஆறு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகளை அரசாங்கமே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஆனாலும் விவசாயிகளுக்கு இன்றும் லைசென்ஸ் உண்டு. பயிரைக் காக்க என்றால் காரணமாக எடுத்துக்கொள்வார்கள், தற்காப்பு என்றால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கும் பன்றித் தொல்லை இருக்குமே? மறுபடி விண்ணப்பித்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். ஆனால் ஒன்று, மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். அன்று ராத்திரி கத்தி அண்ணியின் கழுத்தில் இருந்தபோது, செனாப்பாங் வீட்டில் எந்த மூலையில் இருந்திருக்கும்?

மருமகனிடம் நேற்று பேசினேன். இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டானாம், சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டிருக்கிறானாம். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்ததையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டான். எத்தனை என்று கேட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு எண்ணப் போனான்.