மெகாகேரியோசைட் ஸ்லைடு படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ரத்தத் தட்டணுவை முழு செல் என்றே பலரும் எழுதுகிறார்கள். அது எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல்லின் துணுக்கு. உட்கரு கிடையாது, 2 முதல் 3 மைக்ரான்தான். அந்தப் பெரிய செல் மஜ்ஜையின் ரத்த நாளத்துக்குள் நீளமான கைகளை நீட்டும். ரத்த ஓட்டத்தின் இழுப்பில் அவை துண்டு துண்டாகப் பிரியும். ஒன்றிலிருந்தே ஆயிரக்கணக்கில் வரும்! எனக்கே இன்னும் வியப்பு அடங்கவில்லை. போர்டில் வரைந்தால் அந்தப் பிரமாண்டம் வருவதில்லை.

நோய்க்குறியியல் துறையினர் யாராவது, நோயாளி விவரம் இல்லாத மஜ்ஜை ஸ்லைடு படம் ஒன்று தர முடியுமா? லீஷ்மன் சாயமிட்டதென்றால் ரொம்ப நல்லது. பக்கத்திலேயே சிவப்பணுவும் தெரிந்தால் அளவு சட்டென்று புரியும். வியாழக்கிழமை பாடம். டெங்குவில் தட்டணு குறைந்து படுத்தெழுந்த பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்.